இறக்கத்தில் வலிக்கும் கட்டைவிரல்: முண்டு தட்டிய பாதத்தைக் கத்தியில்லாமல் பார்த்துக்கொள்ள

கால் கட்டைவிரலின் அடிமூட்டில், பாதத்தின் உள்ளோரமாக ஒரு முண்டு. விரலின் நுனியோ பக்கத்து விரல்மேல் சாய்ந்து கிடக்கும். டாக்டர்கள் இதை 'பனியன்' என்பார்கள். சட்டைக்குள் போடுகிற பனியனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊரில் பலர் இதைக் கால் ஆணி என்று நினைத்து, மெடிக்கலில் ஆணிப் பிளாஸ்திரி வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பிளாஸ்திரியில் தோலைக் கரைக்கிற சாலிசிலிக் அமிலம் இருக்கும். ஆணி தோலில் வருவது. இது எலும்பு இடம் மாறியதால் வருவது. அமிலம் எலும்பை ஒன்றும் செய்யாது, முண்டின் மேலிருக்கிற மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிட்டுப் போகும்.

முண்டு என்பது புதிதாக முளைத்த எலும்பு அல்ல. கட்டைவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஓடும் நீள எலும்பு மற்றக் காலின் பக்கம் ஒதுங்குகிறது, விரல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. இரண்டும் சேர்கிற மூட்டு ஓரத்தில் பிதுங்கி நிற்கிறது. ஒருமுறை சாய்ந்துவிட்டால், விரலை இழுக்கிற நார்கள் வில்லின் நாண் போலக் குறுக்கே விழுந்து இன்னும் சாய்க்கும். இந்தப் பாத அமைப்பு குடும்பத்தில் வருவது. அம்மாவின் காலைப் பார்த்தால் மகளுக்கு வரப்போவது பாதி தெரியும். முனை குறுகிய செருப்பும் குதி உயர்ந்த செருப்பும் அதை விரைவாக வளர்க்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். சாய்ந்த எலும்பை அறுவை இல்லாமல் நேராக்க முடியாது. பட்டை, விரலை நேராகப் பிடித்து நிறுத்துகிற கவ்வி, தைலம், பயிற்சி எதுவும் அதைச் செய்யாது. 'முப்பது நாளில் நேராகும்' என்று முன்னும் பின்னும் படம் போட்டு விற்கிறவர்களை நம்பிப் பணத்தை விடாதீர்கள். ஆனால் வளைவு வேறு, வலி வேறு. எலுமிச்சை அளவு முண்டோடு நாள் முழுக்க நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுண்டைக்காய் அளவு முண்டோடு நொண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். குறைக்க வேண்டியது வலியை. அதில் பெரும்பகுதியைச் செருப்பு ஒன்றே பார்த்துக்கொள்ளும்.

எந்த வலி என்று முதலில் பாருங்கள்

வலி மூன்று இடத்திலிருந்து வரலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. விடுமுறை நாள் ஒன்றில் வீட்டுக்குள் செருப்பில்லாமல் இருந்து பாருங்கள். உதகையிலோ கொடைக்கானலிலோ டிசம்பர் தரை சில்லிட்டுப் போயிருக்கும் என்பதால் தொளதொளவென்ற கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளலாம்.

வெறுங்காலில் வலி பாதிக்குமேல் குறைந்துவிட்டால், அது உராய்வு வலி. முண்டுக்கும் தோலுக்கும் நடுவில் சிறிய நீர்ப்பை ஒன்று உண்டு. செருப்பு அதைத் தேய்த்துத் தேய்த்து வீங்க வைத்திருக்கிறது. மேல்தோல் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். மூன்றில் இதுதான் எளிதாகத் தீரும்.

வெறுங்காலிலும் வலிக்கிறது, கட்டைவிரலைக் கையால் மேல்நோக்கி வளைத்தால் மூட்டின் உள்ளே வலிக்கிறது, குந்தி உட்கார்ந்து எழும்போது சுள்ளென்று இழுக்கிறது என்றால் வலி மூட்டில். அங்கே மெத்தைப் பட்டி ஒட்டிப் பயனில்லை. மூட்டு வளைவதைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, முண்டில் வலியே இருக்காது. இரண்டாம் விரலுக்குக் கீழே, உள்ளங்காலின் முன்பகுதியில் கூழாங்கல்லை மிதித்த மாதிரி இருக்கும், அந்த இடத்தில் தோல் காய்த்தும் போயிருக்கும். கட்டைவிரல் சுமக்க வேண்டிய எடையைப் பக்கத்து எலும்பு சுமப்பதால் வருவது. முண்டையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மலைக்கு வந்தால் ஏன் கூடுகிறது

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ வேலைசெய்கிறவர் லீவுக்கு ஊருக்கு வந்தால் இரண்டே நாளில் வலி கூடிவிட்டது என்பார். குளிர்தான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். குளிருக்கும் கொஞ்சம் பங்குண்டு, ஆனால் பெரிய காரணம் சரிவு. நீலகிரி மலை ரயில் பல்சக்கரம் வைத்து ஏறுகிற செங்குத்தான இடமே ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடிதான். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து கொழுந்துக் காட்டுக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதை அதைவிடப் பல மடங்கு செங்குத்து. இறங்கும்போது உடல் எடை முழுவதும் பாதத்தை ஷூவின் முனைக்குள் தள்ளுகிறது. சமதளத்தில் இடம் போதுமாக இருந்த அதே ஷூ, இறக்கத்தில் கட்டைவிரலை இரண்டு பக்கமும் கிடுக்கிபோல் பிடிக்கும். கடையின் சமதளத் தரையில் நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு வாங்கிய ஷூ வீட்டுக்கு வந்ததும் கடிப்பது இதனால்தான்.

செருப்பு

ஷூ வாங்குவதற்கு முன் ஒரு தாள், ஒரு பென்சில். மாலை நேரத்தில் அளவெடுங்கள். நாள் முழுக்க நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் நிஜ அளவு. தரையில் தாளை வைத்து, குளிர்காலத்தில் போடுகிற கனத்த காலுறையோடு அதன்மேல் நேராக நில்லுங்கள். உட்கார்ந்தபடி வேண்டாம், எடை பாதத்தில் இறங்கினால்தான் அது விரியும். இன்னொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையட்டும். பென்சில் சாய்ந்தால் அரை சென்டிமீட்டர் கூடவோ குறையவோ போய்விடும். இரண்டு காலுக்கும் வரைந்து வெட்டி எடுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய காலுக்குத்தான் ஷூ.

கடையில் ஷூவின் உள்ளே இருக்கிற மெத்தைத் தகட்டை உருவி எடுங்கள். பெரும்பாலான விளையாட்டு ஷூக்களில் அது கையோடு வரும். அதன்மேல் தாள் வெட்டை வையுங்கள். முண்டுப் பக்கம் தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. 'போடப் போட விட்டுக்கொடுக்கும்' என்று கடைக்காரர் சொன்னாலும் இல்லை. நீள விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் காலியாக இருக்க வேண்டும். பிறகு போட்டுக்கொண்டு கடையின் படிக்கட்டில் இறங்குங்கள். மலைக்கடைகளில் பெரும்பாலும் வாசலிலேயே படி இருக்கும். நாலு படி இறங்கும்போது விரல்நுனி முன்னால் இடித்தால் கழற்றி வையுங்கள்.

இங்கே எல்லோரும் செய்கிற தவறு ஒன்று. அகலம் போதவில்லை என்று ஒரு நம்பர் கூடுதலாக வாங்குவது. நீளம் கூடினால் குதிகால் ஷூவுக்குள் மேலும் கீழும் ஆடும், இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கும், வழுக்காமலிருக்க விரல்கள் தரையைக் கவ்விப் பிடிக்கும். முண்டு முன்னைவிட அதிகமாக வலிக்கும். வேண்டியது அகலம். நம் கடைகளில் அகல நம்பர் தனியாகக் கிடைப்பது அரிது. அதனால் பெண்கள் ஆண்களுக்கான விளையாட்டு ஷூவைத் தங்கள் நீளத்துக்குத் தகுந்த நம்பரில் போட்டுப் பார்க்கலாம். பொதுவாக அது அகலமாக வார்க்கப்பட்டிருக்கும். ஒன்றிரண்டு நிறம் குறைவாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

மேல்பகுதியில் முண்டு இருக்கிற இடத்தில் தையலோ ஒட்டுப் பட்டையோ இருக்கக் கூடாது. விரலால் உள்ளே தடவிப் பார்த்தால் தெரியும். வலைத்துணி நல்லது, மென்மையான தோலும் நல்லது. ரெக்சின் வேண்டாம், அது விரிந்து கொடுக்காது, ஒருநாள் வெடிக்கும். குதியின் உயரம் மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். மூட்டு வலிக்காரர்கள் மட்டும் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஷூவை இரு கையாலும் பிடித்து மடக்கினால் பாய்போலச் சுருளக் கூடாது. அடி கெட்டியாக, முனை படகுபோல லேசாக மேலேறி இருந்தால் பாதம் உருண்டு போகும். மூட்டு அவ்வளவாக வளைய வேண்டியிருக்காது.

ஏற்கெனவே தோல் ஷூ வைத்திருக்கிறவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். பழைய காலுறை ஒன்றைப் போட்டு, முண்டின் மேல் ஈரக் குங்குமமோ சாக்பீஸ் தூளோ தடவி, ஷூவுக்குள் காலை விட்டு ஒருமுறை அழுத்தி எடுங்கள். உள்பக்கம் எங்கே தடம் விழுந்திருக்கிறதோ அதுதான் விரிக்க வேண்டிய இடம். அந்தத் தடத்தைச் செருப்புத் தைக்கிறவரிடம் காட்டி, அந்த இடத்தில் மட்டும் கட்டை ஏற்றி இரண்டு நாள் வைக்கச் சொல்லுங்கள். 'கொஞ்சம் பெரிசு பண்ணுங்க' என்று மட்டும் சொன்னால் அவர் முன்பக்கம் முழுவதையும் விரித்துவிடுவார், உங்களுக்கு வேண்டிய இடம் அப்படியே இருக்கும். மழையில் நனைந்த தோல் ஷூவைக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கிற பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அப்படிக் காய்ந்த தோல் சுருங்கி விறைத்து, விரித்த காசு வீணாகும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்து, நெருப்புக்குத் தள்ளி நிழலில் வையுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் போதும்.

கயிறு கட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. முண்டுக்கு நேர் மேலே கயிறு குறுக்கே போனால் அது அழுத்தும். கீழ் ஓட்டையில் வழக்கம்போல் குறுக்காகக் கோத்து, முண்டு இருக்கிற உயரத்தில் மட்டும் குறுக்கே போகாமல் அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேலே ஏற்றி, அடுத்த ஓட்டையிலிருந்து மறுபடி குறுக்காகக் கோத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சன்னல் திறந்தமாதிரி இருக்கும். இறங்குவதற்கு முன் கணுக்கால் பக்கம் மட்டும் இறுக்கிக் கட்டுங்கள், முன்பக்கம் தளர்வாகவே இருக்கட்டும். குதிகால் பின்னால் பிடித்து நின்றால் விரல் முன்னால் போய் இடிக்காது. ஏறும்போது இறுக்கித் தொலைத்துவிட்டு இறங்கும்போது தளர்த்துகிறவர்கள்தான் அதிகம். செய்ய வேண்டியது நேர் எதிர்.

கம்பூட் ஒரு தலைவலி. பி.வி.சி. கம்பூட் நடக்கும்போது மடிகிற கோடு சரியாகக் கட்டைவிரல் மூட்டின்மேல் விழும். விரித்தாலும் பழையபடி சுருங்கிக்கொள்ளும். மருந்தடிக்கும்போதும் சேற்றில் நிற்கும்போதும் அதை விட முடியாது என்பதும் உண்மை. செய்யக்கூடியது இதுதான்: ஒரே ஒரு கனத்த காலுறை (இரண்டு போட்டால் இடம் போய்விடும்), குதிகால் ஆடினால் பின்பக்கம் மட்டும் ஒரு மெத்தைத் துண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழற்றி அரைமணி நேரம் திறந்த செருப்பு. அட்டைப்பூச்சிக் கடிக்காக மட்டும் கம்பூட் போடுகிறவர்கள், முழங்கால்வரை வரும் நெருக்கமான துணி உறையும் அகலமான ஷூவும் போட்டு அதே வேலையைப் பார்க்கலாம்.

வீட்டிலும் கடைத்தெருவிலும் போடுகிற ஹவாய் செருப்பில் வார் முண்டின் ஓரத்தை அறுக்கும், கழன்று விழாமலிருக்க விரல் கவ்விப் பிடித்துக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் அது கூடவே கூடாது. பின்வார் உள்ள, முன்னாலும் மேலாலும் ஒட்டி எடுக்கிற பட்டை வைத்த செருப்பு வாங்குங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு இதற்கும் பொருந்தும், மெத்தென்ற ரப்பர் அடி. வாங்கும்போது பட்டை முண்டின் மேல் விழுகிறதா, அதற்கு முன்னும் பின்னும் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பட்டி வைப்பது

செருப்பில் இடம் கிடைத்தபின்தான் பட்டி. இறுக்கமான ஷூவுக்குள் பட்டி வைப்பது, நிறைந்த பஸ்ஸில் இன்னொருவரை ஏற்றுகிற மாதிரி.

ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள கம்பளித் தகடோ ஸ்பாஞ்சுத் தகடோ எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை லாட வடிவத்தில் வெட்டுங்கள். நடுவில் இருக்கிற பள்ளம் முண்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், லாடத்தின் கை ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம். திறந்த வாய் விரல்நுனிப் பக்கம் பார்க்க, முண்டைச் சுற்றி ஒட்டுங்கள். முண்டின்மேல் ஒன்றும் படக் கூடாது. அழுத்தத்தைச் சுற்றியுள்ள சதை வாங்கிக்கொள்ள, முண்டு குழிக்குள் நிற்கும். பஞ்சை முண்டின் உச்சியில் வைத்துக் கட்டினால் முண்டு இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாகி ஷூவில் தேயும், அவ்வளவுதான். ஓரங்களைக் கத்தரியால் சாய்வாகச் சீவிவிட்டால் காலுறை மாட்டும்போது பெயராது. மைக்ரோபோர் டேப்பால் ஒட்டி, இரவு எடுத்துவிட்டுத் தோலைப் பாருங்கள். சர்க்கரை இருக்கிறவர்களும் பாதம் மரத்துப்போனவர்களும் இதை ஒட்ட வேண்டாம். புண் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

உள்ளங்காலில் கல் மிதித்த மாதிரி வலி இருக்கிறவர்களுக்கு வேறு பட்டி. காய்த்த இடத்துக்கு நேர் கீழே வைக்காமல், அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக வைக்க வேண்டும். எடை காய்ப்புக்கு முன்னாலேயே தாங்கப்பட்டுவிடும்.

விரலிடைத் துண்டும் மெட்டியும்

கட்டைவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவில் வைக்கிற சிலிக்கான் துண்டு, போட்டிருக்கும் நேரத்தில் விரல்கள் ஒன்றையொன்று தேய்ப்பதைத் தடுக்கும். முதல் மூன்று நாள் அரைமணி நேரம், பிறகு மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். அது வைத்தால் முன்பாதம் இன்னும் அகலமாகும் என்பதை மறந்து பழைய ஷூவுக்குள் போட்டால் முண்டு ஷூவின் ஓரத்தில் போய் அழுந்தும். துண்டு கனமாக இருந்தால் இரண்டாம் விரலையும் தள்ளிச் சாய்த்துவிடும், மெல்லியதே போதும். மழைக்காலத்தில் ஈரக் காலோடு போட்டு மறந்துவிட்டால் இடுக்கில் சேற்றுப்புண் வரும். கழற்றியதும் இடுக்கைத் துடைத்து உலர வையுங்கள்.

மெட்டியையும் பார்க்க வேண்டும். மெட்டி போடுவது இரண்டாம் விரலில், கட்டைவிரல் சாய்வதும் அதே விரலின்மேல். நடக்கும்போது வெள்ளிக்கம்பி இரண்டு விரலுக்கும் நடுவில் நசுங்கி, தோலை அறுக்கிறது. குளிரில் விரல் வீங்கினால் மெட்டி இறுகிவிடும். கழற்றச் சொல்லி யாரையும் வற்புறுத்த முடியாது, கழற்ற வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. மூன்று சுற்றுக் கம்பிக்குப் பதில், அடிப்பக்கம் வாய் திறந்த, தட்டையான ஒற்றைச் சுற்று மெட்டிக்கு மாறுங்கள். மேலே மட்டும் வேலைப்பாடு இருக்கட்டும், ஓரங்களில் பூவும் மணியும் வேண்டாம். விரல் சிவந்து வீங்கத் தொடங்கியதும் சோப்பு நீர் தடவிக் கழற்றிவிடுங்கள். முழுக்க வீங்கியபின் கழற்ற முயன்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இரவில் மாட்டுகிற கவ்வி சிலருக்குக் காலையில் இறுக்கத்தைக் குறைக்கும். மரத்துப்போனாலோ விரல் நிறம் மாறினாலோ கழற்றுங்கள். அதைக் கட்டிக்கொண்டு பாத்ரூமுக்கு நடக்காதீர்கள், வழுக்கும்.

ஐஸும் தைலமும் மாத்திரையும்

நாள் முடிவில் முண்டு சூடாகச் சிவந்திருந்தால் ஐஸ்தான் கேட்கும். துணியில் சுற்றி, பத்து முதல் பதினைந்து நிமிடம். குளிர் ஊரில் யாரும் இதை விரும்புவதில்லை, வெந்நீரில் கால் விட்டுக்கொள்ளத்தான் தோன்றும். வீங்கிச் சிவந்த நேரத்தில் சூடு வீக்கத்தைக் கூட்டும். காலையில் சிவப்பில்லாமல் மூட்டு வெறுமனே இறுகியிருந்தால் வெதுவெதுப்பான நீர் சரி.

உதகையில் வாங்காமல் யாரும் இறங்காத நீலகிரித் தைலம் தேய்த்தால் சற்று நேரம் வலி மறக்கும். தோல் வெடித்த இடத்தில் தேய்க்கக் கூடாது, தேய்த்துவிட்டுத் துணியால் இறுக்கிக் கட்டி மேலே வெந்நீர்ப் பையும் வைக்கக் கூடாது, தோல் வெந்துபோகும். அதே கடைகளில் விற்கிற விண்டர்கிரீன் தைலம் வேறு சரக்கு. அதில் இருப்பது பெரும்பாலும் மீதைல் சாலிசிலேட். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தேய்த்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். இரண்டு பாட்டிலையும் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், ஒரு வாய் குடித்தாலும் ஆபத்து.

வலிக்கு மேலே பூசுகிற டைக்ளோஃபெனாக் ஜெல் ஒரு தடவைக்கு சுமார் இரண்டு கிராம், நாளுக்கு மூன்று தடவை. 30 கிராம் டியூப் ஐந்து நாளைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் கிடைக்கிற பல ஜெல்களில் மீதைல் சாலிசிலேட்டும் சேர்ந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம். பெரியவர்கள் ஒரு தடவைக்கு இரண்டுக்குமேல் கூடாது, இடையில் ஆறு மணி நேரம், 24 மணி நேரத்தில் எட்டுக்குமேல் கூடவே கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் தினமும் குடிக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகள் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தானாக வாங்கிப் போடுகிற மருந்து அல்ல.

பயிற்சி

நாளுக்குப் பத்து நிமிடம், ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் செய்தபின் பலனைப் பேசலாம். எலும்பு நகராது. பாதத்தின் சிறு தசைகள் பலப்பட்டால் கட்டைவிரல் தரையை மிதிக்கத் தொடங்கும், பக்கத்து எலும்பின் சுமை இறங்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வையுங்கள். விரல்களைச் சுருட்டாமல், கட்டைவிரல் அடியைக் குதிகால் பக்கம் இழுக்கிற மாதிரி உள்வளைவை உயர்த்துங்கள். ஐந்து விநாடி, பத்து முறை. விரல் சுருண்டால் தவறான தசை வேலைசெய்கிறது என்று அர்த்தம். முதல் வாரம் யாருக்கும் சரியாக வராது. அடுத்தது, நாலு விரலைத் தரையில் அழுத்தி வைத்துக் கட்டைவிரலை மட்டும் தூக்குவது. பிறகு கட்டைவிரலை அழுத்தி மற்ற நாலைத் தூக்குவது. மூளை சொல்வதைக் கால் கேட்காமல் நிற்கும், கையால் பிடித்துக் கொடுத்துப் பழக்கலாம். மூன்றாவதாக, இரு காலின் கட்டைவிரல்களையும் சேர்த்து அகலமான ரப்பர் பேண்ட் மாட்டி, குதிகால்களை நகர்த்தாமல் முன்பாதங்களை மெல்ல விலக்குங்கள். ஐந்து விநாடி, பத்து முறை. மூட்டில் வலித்தால் இதை விட்டுவிடுங்கள்.

மலைக்காரர்களுக்கு மிகவும் வேண்டியது கெண்டைக்கால் நீட்டல். ஏறி ஏறி அந்தச் சதை இறுகிப்போயிருக்கும், இறுகினால் குதிகால் சீக்கிரம் தூக்கிக்கொள்ளும், எடை முன்பாதத்தில் விழும். சுவரில் கை வைத்து, ஒரு காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடக்காமல், குதிகால் தரையை விடாமல் முன்னால் சாயுங்கள். முப்பது விநாடி, ஒரு காலுக்கு மூன்று முறை. வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை.

இறங்குவதும் குந்துவதும்

செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் இடம் வலமாக மாறி மாறி இறங்குங்கள், அடி சின்னதாக இருக்கட்டும். ஈரப் படியில் பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் விரல் முன்னால் தள்ளப்படாது. கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். கொழுந்து மூட்டையை நிறுக்கக் கொண்டுபோகும்போது, வேலையை மேற்பார்க்கிற கங்காணி அனுமதித்தால், ஒரே நடையாகச் சுமக்காமல் இரண்டு நடையாகப் பிரிப்பது காலுக்கு நல்லது. எல்லா இடத்திலும் நடக்காது என்பதும் தெரிந்ததே.

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டிலும், உதகைப் பக்கம் கேரட்டிலும் களையெடுப்பது குந்தி உட்கார்ந்துதான். குதிகால் தூக்கிக் குந்தும்போது கட்டைவிரல் மூட்டு முழுதாக மேல்நோக்கி மடங்குகிறது. மூட்டு வலிக்காரர்களுக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. பதினைந்து சென்டிமீட்டர் உயர மணை ஒன்றைப் பாத்தியில் நகர்த்திக்கொண்டே போங்கள், பாதம் முழுவதும் தரையில் படிய உட்கார முடியும். மணை சேற்றில் புதைந்தால் அடியில் அகலமான பலகைத் துண்டு ஒன்றை அடித்துக்கொள்ளுங்கள். மேட்டைப் பார்த்து உட்காராமல் பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்தால் விரல்மேல் எடை இன்னும் கூடும், திசையையும் பாருங்கள்.

உறைபனிக் காலத்தில் முண்டின் மேலேயே ஊதாச் சிவப்பாக, நமைச்சலும் எரிச்சலுமாக ஒரு வீக்கம் வரலாம். இது முண்டு பெரிதானதல்ல, குளிரில் சுருங்கிய ரத்தக்குழாயின் வேலை. ஷூ அழுத்துகிற இடத்தில்தான் முதலில் வரும். காலை நேராகக் கணப்பில் காட்டினால் எரிச்சல் இரட்டிப்பாகும். உலர்ந்த கம்பளிக் காலுறை போட்டு மெல்லச் சூடேற விடுங்கள், சொறியாதீர்கள். இதற்கு ஐஸ் வைக்கவே கூடாது.

எப்போது டாக்டரிடம்

நடு ராத்திரியில் திடீரென்று மூட்டு சிவந்து கொதித்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் அது யூரிக் அமில வாதமாக இருக்கலாம், முண்டு வலி அப்படி வராது. காய்ச்சலோடு சிவப்பு, தோலில் ஓட்டை விழுந்து நீரோ சீழோ வடிதல், விரல் கறுத்தல், மரத்துப்போதல் ஆகிய எதுவானாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். கை மூட்டுகளும் காலையில் ஒரு மணி நேரம் இறுகிக் கிடந்தால் முடக்கு வாதமா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை இருக்கிறவர்கள் சிறு கொப்புளத்துக்கே காட்டுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இப்படிச் சாய்ந்தால் ஆன்லைனில் கவ்வி வாங்கி மாட்டாமல் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

செருப்பு மாற்றி, மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் நடை தடைப்பட்டால், இரண்டாம் விரல் கட்டைவிரல்மேல் ஏறிவிட்டால், எலும்புப் பிரிவுக்குப் போங்கள். நீலகிரிக்காரர்களுக்கு உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கொடைக்கானல் பக்கத்தவர்களுக்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எக்ஸ்ரே எடுக்கும்போது நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்தபடி எடுத்தால் எடை இறங்காததால் சாய்வு குறைவாகத் தெரியும். விரல் 15 டிகிரிக்குமேல் சாய்ந்திருந்தால்தான் இந்தக் கோளாறு என்று கணக்கு, 40-ஐத் தாண்டினால் கடுமையானது. போகும்போது புது ஷூவைப் போட்டுக்கொண்டு போனாலும், ஒரு வருஷம் தேய்த்த பழைய ஷூவையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, உள்ளே எங்கே குழி விழுந்திருக்கிறது என்பதை வைத்து, எடை எங்கே இறங்குகிறது என்று டாக்டரால் சொல்ல முடியும்.